ஜூன் 19 விடுமுறை எதற்கு? ஜூன்டீன்த் பற்றி ஓர் எளிய விளக்கம்

சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க நிறுவனங்களுக்காக வேலை பார்ப்பவர்களுக்கு ஜூன் 19 என்றால் 'ஆன்சைட் லீவு', அதாவது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு விடுமுறை. அன்றைக்கு மீட்டிங் இருக்காது, மெயிலுக்குப் பதில் வராது. விடுமுறைப் பட்டியலில் 'ஜூன்டீன்த்' என்று போட்டிருக்கும். ஜூன் என்பதையும் பத்தொன்பதுக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்த பெயர் அது.

என்ன நாள் என்று கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று வரும். லிங்கன் அடிமைகளை விடுதலை செய்த நாள். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த நாள். விடுதலைச் செய்தி இரண்டரை வருஷம் தாமதமாக டெக்சாஸுக்குப் போய்ச் சேர்ந்த நாள். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதிதான் சரி, ஆனால் அதிகம் குழப்புவதும் அதுதான். தபால், தந்தி வசதி சரியில்லாததால் நடந்த துரதிர்ஷ்டம் என்று நினைக்க வைத்துவிடுகிறது. நடந்தது அதுவல்ல. ஏற்கெனவே பிறந்திருந்த விடுதலை உத்தரவை, ராணுவம் நேரில் வந்து டெக்சாஸில் அமலாக்கத் தொடங்கிய நாள் அது.

டிகிரி கையில், நிலம் எதிராளி கையில்

கோர்ட், கேஸ் என்று அலைந்த குடும்பங்களுக்கு இது சட்டென்று புரியும். உங்கள் நிலத்தை ஒருவர் ஆக்கிரமித்திருக்கிறார். வழக்குப் போடுகிறீர்கள், ஜெயிக்கிறீர்கள், டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) கைக்கு வருகிறது. மறுநாள் போய்ப் பார்த்தால் அவர் அதே இடத்தில் உழுதுகொண்டிருக்கிறார். தீர்ப்பு வந்தது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவரை வெளியேற்ற யாரும் வரவில்லை, அவ்வளவுதான். நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா போலீஸோடு வந்து, அளந்து, சுவாதீனம் எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் டிகிரி வெறும் காகிதம்.

1863க்கும் 1865க்கும் இடையில் டெக்சாஸில் நடந்தது ஏறக்குறைய இதுதான். ஒப்பீடு ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே ஆக்கிரமிப்பில் இருந்தது நிலம் அல்ல, மனிதர்கள். வழக்குப் போட அவர்களுக்கு உரிமையும் இல்லை.

லிங்கன் 1863இல் செய்தது என்ன?

1861இல் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள நாட்டிலிருந்து பிரிந்து தனி அரசு அமைத்தன. அதற்குக் கூட்டமைப்பு என்று பெயர். டெக்சாஸும் அதில் ஒன்று. உள்நாட்டுப் போர் மூண்டது.

1863 ஜனவரி 1ஆம் தேதி ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்டதுதான் விடுதலைப் பிரகடனம். கிளர்ச்சியில் இருக்கும் பகுதிகளிலுள்ள அடிமைகள் அனைவரும் இனி சுதந்திரமானவர்கள் என்று அது அறிவித்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல அது. படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில் லிங்கன் எடுத்த போர்க்கால நடவடிக்கை.

'கிளர்ச்சியில் இருக்கும் பகுதிகள்' என்ற வரம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கு மாநிலங்களிலும் அடிமை முறை இருந்தது. ஆனால் அவை லிங்கன் பக்கம் நின்றதால் பிரகடனம் அவற்றைத் தொடவில்லை. அதாவது, லிங்கன் பேச்சு செல்லுபடியாகும் இடங்களில் அடிமைகள் விடுதலை ஆகவில்லை. விடுதலை அறிவிக்கப்பட்ட பெரும்பாலான இடங்களிலோ அவர் பேச்சைக் கேட்க ஆள் இல்லை.

அப்படியானால் அந்தப் பிரகடனத்தால் பயனே இல்லையா? நிறைய இருந்தது. லிங்கனின் வடக்கு ராணுவம் தெற்கே முன்னேறிய ஒவ்வொரு மைலிலும் அது உயிர் பெற்றது. ராணுவம் வருவதற்குக் காத்திராமல் தாங்களாகவே தோட்டங்களிலிருந்து தப்பி அந்தப் பக்கம் ஓடிவந்தவர்களும் ஏராளம். கறுப்பின ஆண்களை ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவும் பிரகடனம் வழிவிட்டது.

இதுவரை சொன்னது: 1863இல் பிறந்தது உத்தரவு. அதை நிறைவேற்ற ஆயுதம் தாங்கிய ஆட்கள் நேரில் போகவேண்டியிருந்தது. எங்கே போனார்களோ அங்கே விடுதலை.

டெக்சாஸ் ஏன் கடைசியில் வந்தது?

போரின் பெரும் சண்டைகள் டெக்சாஸுக்குக் கிழக்கே, வெகு தொலைவில் நடந்தன. வடக்கு ராணுவம் இந்த மாநிலத்தின் ஓரங்களைத் தொட்டதே தவிர உள்ளே புகவில்லை. எனவே லூசியானா, மிசிசிப்பி போன்ற இடங்களின் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளை டெக்சாஸுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். விடுதலை தங்கள் ஊரை எட்டுவதற்குள் 'சொத்தை' அதன் கைக்கு எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான் கணக்கு. 1860 மக்கள்தொகைக் கணக்கில் டெக்சாஸில் இருந்த அடிமைகள் 1,82,566 பேர். 1865இல் அது சுமார் 2,50,000 என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இந்த எண்ணிக்கை உயர்வே 'செய்தி வரவில்லை' கதையை உடைத்துவிடுகிறது. செய்தி தெரியாத முதலாளி எதற்காக நூற்றுக்கணக்கான மைல் ஆட்களை நடத்திக்கொண்டு வருகிறார்?

அடிமைகளாக இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1930களில் அரசுத் திட்டம் ஒன்றின் கீழ், அடிமையாக வாழ்ந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைப் பேட்டி எடுத்தார்கள். சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் ஹேவுட் என்பவருக்கு அப்போது வயது 92. போரில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்கு எப்போதும் தெரியும், முதலாளி தினமும் தபால் ஆபீஸுக்குப் போவார், இப்போது போலத்தான் அப்போதும் பேப்பர் வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒளிவுமறைவே இல்லாத பதில். எல்லாத் தோட்டங்களிலும் இதே நிலை இருந்திருக்காது என்பது உண்மைதான். விவரம் மறைக்கப்பட்டவர்களும் உண்டு. ஆனால் மறைத்தார்கள் என்றாலே மறைத்தவருக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்.

1865 ஜூன் 19, கால்வெஸ்டன்

1865 ஏப்ரல் 9ஆம் தேதி தெற்கின் முதன்மைத் தளபதி லீ சரணடைந்தார். ஒரு வாரத்துக்குள்ளேயே லிங்கன் கொல்லப்பட்டார். டெக்சாஸ் அப்போதும் பணியவில்லை. மே மாத நடுவில்கூட மெக்சிகோ எல்லை அருகே ஒரு சண்டை நடந்தது. மேற்குப் பகுதிப் படைகளின் தளபதி ஜூன் 2ஆம் தேதிதான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் சுமார் 2,000 வீரர்களுடன் கால்வெஸ்டனில் வந்து இறங்கினார். ஹூஸ்டனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், கடலோரத்தில் இருக்கும் துறைமுகம் இது. ஜூன் 19ஆம் தேதி அங்கே வெளியானதுதான் பொது ஆணை எண் 3. பொது ஆணை என்பது ராணுவத் தளபதி தன் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிக்குப் பிறப்பிக்கும் உத்தரவு.

அதன் முதல் வரி, அடிமைகள் அனைவரும் சுதந்திரமானவர்கள் என்கிறது. அடுத்த வரி இன்னும் ஒரு படி மேலே போகிறது. பழைய எஜமானர்களுக்கும் பழைய அடிமைகளுக்கும் இடையே தனிமனித உரிமையிலும் சொத்துரிமையிலும் முழுமையான சமத்துவம் உண்டு என்கிறது. இனி அவர்களுக்குள் இருப்பது முதலாளி, கூலியாள் என்ற உறவு மட்டுமே.

விழா மேடைகளில் வாசிக்கும்போது இந்த இடத்தில் கைதட்டல் எழும். ஆணை இதோடு முடியவில்லை. இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யும்படி விடுதலையானவர்களுக்கு அது அறிவுரை சொல்கிறது. ராணுவ முகாம்களில் வந்து கூடக்கூடாது, சும்மா இருப்பவர்களுக்கு எங்கும் ஆதரவு கிடைக்காது என்றும் எச்சரிக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களைப் பார்த்து 'சோம்பேறித்தனம் வேண்டாம்' என்று உபதேசம்! முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இதையும் ஒரு தடவை வாசித்துவிடுவது நல்லது.

டெக்சாஸ் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு பெரியது. 2,000 பேர் அதை ஒரே நாளில் சுற்றிவிட முடியாது. அறுவடை முடியும்வரை விஷயத்தைச் சொல்லாமல் வேலை வாங்கிய தோட்டக்காரர்கள் இருந்தார்கள். விடுதலை என்று கேள்விப்பட்டுக் கிளம்பியவர்களைத் துரத்தித் தாக்கிய சம்பவங்களும் உண்டு.

அப்படியானால் அடிமை முறை ஒழிந்த நாள் எது?

சட்டப்படி பார்த்தால் 1865 டிசம்பர் 6. அன்றுதான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது. நாடு முழுவதும் அடிமை முறையைத் தடை செய்தது இந்தத் திருத்தம். பிரகடனம் தொடாத டெலவேரிலும் கென்டக்கியிலும் மீதமிருந்தவர்கள் இதற்குப் பிறகே விடுதலை ஆனார்கள், அதாவது ஜூன்டீன்த் முடிந்து ஐந்தரை மாதம் கழித்து. குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம் என்று திருத்தம் ஒரு விலக்கை விட்டுவைத்தது. தெற்கே சிறைக்கைதிகளை வாடகைக்கு விட்டது அந்த ஓட்டை வழியாகத்தான்.

சுருக்கமாக: 1863 ஜனவரி, உத்தரவு. 1865 ஜூன், கடைசிப் பெரிய பிரதேசத்தில் அதன் அமலாக்கம். 1865 டிசம்பர், நாடு முழுவதுக்குமான சட்டம். மக்கள் கொண்டாடத் தேர்ந்தெடுத்தது நடுவில் உள்ளதை. வாழ்க்கை கண்முன்னே மாறியது அன்றுதான் என்பதால் அது இயல்பானதும்கூட.

கொண்டாட ஓர் இடம் வேண்டுமே

இந்த நாளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கால்வெஸ்டனோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதையின் சிறந்த பகுதி அதற்கு அடுத்து, ஹூஸ்டனில் இருக்கிறது.

1866 முதலே டெக்சாஸில் ஜூன் 19 கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. தேவாலயத்தில் ஜெபம், ஆணை வாசிப்பு, ஊர்வலம், விருந்து. சிக்கல் என்னவென்றால், பல ஊர்களில் பொது இடங்களில் கறுப்பின மக்கள் கூட விடமாட்டார்கள். ஆற்றங்கரை, யாராவது ஒருவரின் வயல் என்று வருஷத்துக்கு ஓர் இடம் தேட வேண்டும். இடம் கொடுத்தவர் மனசு மாறினால் விழா இல்லை.

ஹூஸ்டனில் ஜாக் யேட்ஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். போர்க் காலத்தில் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அவர்களுடைய எஜமானர் டெக்சாஸுக்குக் கொண்டுபோய்விட்டார். முன்பு சொன்னேனே, அதே கணக்குத்தான். யேட்ஸுக்கு அதற்குள் விடுதலை கிடைத்திருந்தது. குடும்பத்தை விட்டுப் பிரியக்கூடாது என்பதற்காக அந்த விடுதலையை உதறிவிட்டு மறுபடி அடிமையாகக் கூடவே போனார் என்கிறது அவருடைய வரலாறு. 1865க்குப் பிறகு ஹூஸ்டனுக்கு வந்தார். பகலில் சரக்கு வண்டி ஓட்டினார், இரவில் பிரசங்கம் செய்தார். பின்னர் ஆன்டியாக் பாப்டிஸ்ட் சபையின் முதல் போதகர் ஆனார்.

1872இல் அவரும் ரிச்சர்ட் ஆலன், ரிச்சர்ட் பிராக், எலியாஸ் டிபிள் ஆகியோரும் சேர்ந்து கறுப்பின மக்களிடையே பணம் திரட்டினார்கள். ஆலன் டெக்சாஸ் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். டிபிள் மெதடிஸ்ட் போதகர். சேர்ந்தது ஆயிரம் டாலர் அளவுக்கு. அதைக் கொண்டு மூன்றாம் வார்டில் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். பெயர், விடுதலைப் பூங்கா. நோக்கம் ஒன்றே: ஜூன் 19 அன்று யார் தயவும் இல்லாமல் கூடி நிற்க ஓர் இடம்.

அந்த ஆயிரம் டாலரின் கனம் இன்றைக்கு நமக்கு எளிதில் பிடிபடாது. கொடுத்தவர்கள் ஏழு வருஷத்துக்கு முன்புவரை சட்டப்படி தாங்களே இன்னொருவரின் சொத்தாக இருந்தவர்கள். மேலே சொன்ன ஹேவுட் அதே பேட்டியில், விடுதலை மனிதனைத் தலைநிமிர வைத்ததே தவிரப் பணக்காரனாக்கவில்லை என்கிறார். கையில் காசு இல்லாத அந்த மக்கள் முதலில் சேர்ந்து வாங்கியவற்றில் ஒன்று திருவிழாத் திடல். இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பராமரிக்கப் பணமில்லாமல் பல வருஷம் பூங்கா ஜூன் 19க்கு மட்டும் பயன்பட்டது. 1910களின் பின்பாதியில் அது நகராட்சி வசம் போனது. 1922 முதல் 1940 வரை ஹூஸ்டனில் கறுப்பின மக்கள் நுழைய முடிந்த ஒரே பொதுப்பூங்கா அதுதான். நகரத்தின் மற்ற பூங்காக்களுக்கும் அவர்கள் கட்டிய வரி போய்க்கொண்டுதான் இருந்தது. 1939இல் பூங்காவுக்கு எதிரே எல்டொராடோ நடன அரங்கம் திறந்தது. ப்ளூஸ், ஜாஸ் கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு மாலையில் போக ஓர் இடம் கிடைத்தது. சமூகப் பெருமிதம் என்று மேடையில் பேசுகிறார்களே, அது தரையில் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தத் தெருமுனை நல்ல உதாரணம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பூங்காவை ஒட்டிய தெருவின் பெயர் நெடுங்காலம் டவ்லிங் தெரு. டவ்லிங் யார்? அடிமை முறைக்காகப் போரிட்ட கூட்டமைப்பின் ராணுவ அதிகாரி. பக்கவாட்டில் இருக்கும் டூவம் தெருவும் அவர் பிறந்த ஐரிஷ் ஊரின் பெயரைத் தாங்கியது. விடுதலை விழாவுக்கு நோட்டீஸ் அடித்தால் விலாசத்தில் அவர் பெயரைப் போட்டாக வேண்டும்! 2017இல்தான் டவ்லிங் தெரு விடுதலை அவென்யூ ஆனது. அதே வருஷம், 3.3 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுப் புதுப்பித்த பூங்காவும் ஜூன்டீன்த் வாரத்தில் திறக்கப்பட்டது. புது வடிவமைப்பு கட்டடக் கலைஞர் ஃபில் ஃப்ரீலனுடையது.

ஊர் விழா, நாட்டு விடுமுறை ஆன விதம்

20ஆம் நூற்றாண்டில் வேலை தேடி டெக்சாஸை விட்டுப் போன கறுப்பினக் குடும்பங்கள் இந்த நாளையும் கூடவே கொண்டுபோனார்கள். லாஸ் ஏஞ்சலஸ், ஓக்லண்ட் போன்ற நகரங்களுக்கு அது அப்படிப் போனதுதான். நடுவில் கொஞ்ச காலம் மங்கியும் இருந்தது. 1968 ஜூன் 19 அன்று வாஷிங்டனில் ஏழை மக்கள் இயக்கம் பெரிய பேரணி நடத்தியது. வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு விழாவுக்குப் புது உயிர் வந்தது. மில்வாக்கியில் 1971 முதல் நடக்கிறது.

ஹூஸ்டன் தொகுதி ஒன்றின் சட்டமன்ற உறுப்பினர் அல் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த மசோதாவால் 1980 முதல் டெக்சாஸில் இது மாநில விடுமுறை. தேசிய விடுமுறை என்ற கோரிக்கையோடு அதிகம் பேசப்படுபவர் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரைச் சேர்ந்த ஓபல் லீ. 1939இல் இவருக்கு 12 வயது. அந்த வருஷ ஜூன் 19 அன்றுதான் வெள்ளையர் கும்பல் ஒன்று இவர்கள் குடியேறிய வீட்டைச் சூறையாடியது. 2016இல், 89 வயதில், ஆதரவு திரட்டி வாஷிங்டன் நோக்கி நடக்கத் தொடங்கினார். இரண்டரை வருஷக் காத்திருப்பைக் குறிக்க, போகும் ஊர்களில் இரண்டரை மைல் நடப்பார். 2021 ஜூன் 17ஆம் தேதி ஜனாதிபதி பைடன் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அவரும் அந்த அறையில் இருந்தார்.

தட்டில் ஏன் எல்லாம் சிவப்பு?

விழாவுக்குப் போனால் கண்ணில் முதலில் படுவது நிறம். சிவப்பு சோடா, தர்பூசணி, சிவப்பு கேக், மசாலா தடவிச் சுட்ட இறைச்சி. அடிமைகள் சிந்திய ரத்தத்தின் நினைவு என்பது ஒரு விளக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் கோலா கொட்டையிலிருந்தும், சிவப்பு செம்பருத்திப் பானத்திலிருந்தும் வந்த பழக்கம் என்பது இன்னொன்று. அந்தப் பானத்துக்கான செடி நம் புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்ததுதான்.

மற்றபடி அணிவகுப்பு, கல்லூரி பேண்டு வாத்தியம், குதிரைச் சவாரி, பேஸ்பால், நாலு தலைமுறை கூடும் குடும்பச் சந்திப்பு. நடுவில் ஒருவர் எழுந்து பொது ஆணையை வாசிப்பார். அழுகையும் ஆட்டமும் ஒரே மைதானத்தில் நடப்பதைப் பார்த்து, இது துக்க நாளா, பண்டிகையா என்று குழம்புகிறவர்கள் உண்டு. இரண்டும்தான். ஆனால் கடைச்சரக்கு ஆவதை அந்த மக்கள் விரும்பவில்லை. 2022இல் ஒரு பெரிய வணிக நிறுவனம் ஜூன்டீன்த் பெயரில் ஐஸ்கிரீம் இறக்கி, கண்டனம் கிளம்பியதும் வாபஸ் வாங்கியது.

வேறு விடுதலை நாள்கள்

விடுதலை ஊர் ஊராக வந்ததால் நாள்களும் வேறுபடுகின்றன. ஃபுளோரிடாவில் மே 20. தலைநகர் வாஷிங்டனில் ஏப்ரல் 16. அங்கே 1862லேயே அடிமைகளை விடுவித்தார்கள். ஆளுக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? எஜமானர்களுக்கு.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இருந்த கரீபியன் நாடுகளுக்கு ஆகஸ்ட் 1. மொரிஷியஸுக்குப் பிப்ரவரி 1. நம் கதை இதில் நுழைவது இந்த இடத்தில்தான். அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் உட்பட இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். மொரிஷியஸில் பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள், நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நாள். இரண்டுமே அரசு விடுமுறை.

அங்கே இருப்பவர்களுக்கு

ஜூன் 19 அன்று மத்திய அரசு அலுவலகங்கள், தபால் நிலையங்கள், பங்குச் சந்தை மூடியிருக்கும். தனியார் நிறுவனங்கள் விடுமுறை விட வேண்டும் என்று கட்டாயமில்லை, உங்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாழ்த்துச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம், 'ஹேப்பி ஜூன்டீன்த்' என்றுதான் அவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். ஹூஸ்டனில் இருந்தால் விடுதலைப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். ஜூன் வெயில் அங்கே நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததல்ல, புழுக்கம் வேறு. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள்.